நூறு நாள் வேலை கூலியை உயர்த்தியதா? பேனல் தரவு பற்றிய வாசகர் கேள்விகள்

ஒரே மாவட்டத்தை, ஒரே குடும்பத்தை, ஒரே கடையைப் பல காலகட்டங்களில் திரும்பத் திரும்ப அளந்தால் கிடைப்பது பேனல் தரவு. இந்த இதழுக்கு வந்த கேள்விகள் அதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. பலரும் நூறு நாள் வேலைத் திட்டத்தை ஆய்வுக்கு எடுத்திருப்பதால் பதில்களிலும் அதுவே அடிக்கடி வருகிறது.

கே: மாவட்ட வாரியான கூலித் தரவில் நிலைத்த விளைவு முறையைப் போட்டேன். கடற்கரை மாவட்டமா இல்லையா என்ற மாறி முடிவுப் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விட்டது. எங்கே தவறு? (முதுகலை மாணவர், தஞ்சாவூர்)

ப: தவறு எதுவும் இல்லை. நிலைத்த விளைவு செய்வது ஒரே வேலைதான். ஒவ்வொரு மாவட்டத்தின் ஒவ்வோர் ஆண்டு எண்ணிலிருந்தும் அந்த மாவட்டத்தின் சொந்தச் சராசரியைக் கழிக்கிறது. கடற்கரை மாவட்டத்துக்கு எல்லா ஆண்டிலும் 1, சராசரியும் 1, கழித்தால் 0. மாறாத எதுவும் இப்படித்தான் போகும். மண்வளம், சாதிக் கட்டமைப்பு, நெடுங்காலப் பாசன வரலாறு என்று நம்மால் அளக்க முடியாதவையும் சேர்ந்து கழிந்துவிடுகின்றன என்பதுதான் இந்த முறையின் பலம். கடற்கரை மாவட்டங்களின் போக்கு வேறா என்று பார்க்க விரும்பினால் கடற்கரை மாறியை ஆண்டு டம்மிகளுடன் (அந்தந்த ஆண்டுக்கு 1, மற்ற ஆண்டுகளுக்கு 0 என்று வரும் மாறிகள்) பெருக்கிச் சேர்க்கலாம். அது கழிந்து போகாது.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. எழுத்தறிவு விகிதத்தைச் சேர்த்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு நடுவே நேர்கோடு போட்டு நிரப்பிய எண்ணாக இருந்தால், மாவட்டச் சராசரியைக் கழித்தபின் மிஞ்சுவது அந்த நேர்கோடு மட்டுமே. குணகம் (ஒரு மாறி ஓர் அலகு கூடினால் கூலி எவ்வளவு மாறும் என்ற எண்) என்று உங்கள் கைக்கு வருவது, நீங்களே வரைந்த கோட்டுக்கும் கூலியின் காலப்போக்குக்கும் உள்ள உறவு. அந்த மாறியை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாறிக்கும் திட்ட விலக்கத்தை (standard deviation, சிதறலின் அளவு) மாவட்டங்களுக்கு இடையே, மாவட்டத்துக்குள் என்று பிரித்துப் பாருங்கள். மாவட்டத்துக்குள் அசைவு மிகச் சிறியதாக இருந்தால், அதில் பெரும்பகுதி அளவீட்டுப் பிழையாக இருக்கக்கூடும். அப்போது குணகம் பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கும். ‘விளைவு இல்லை’ என்று அதைப் படித்துவிடக் கூடாது.

கே: வேறுபாடுகளின் வேறுபாடு என்ற முறையைக் கணக்கோடு ஒருமுறை விளக்க முடியுமா? (கல்லூரி விரிவுரையாளர், சேலம்)

ப: பொருளியலில் மிக அதிகமாகப் பேசப்பட்ட கணக்கையே பார்ப்போம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரல் 1 அன்று குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் 4.25 அப்படியே இருந்தது. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களை, உயர்வுக்கு முன் ஒருமுறையும் அந்த ஆண்டின் இறுதியில் மறுபடியும் அளந்தார்கள்.

உணவகம் ஒன்றுக்குச் சராசரி முழுநேர வேலை நியூ ஜெர்சியில் 20.44 இலிருந்து 21.03 ஆனது. மாற்றம் கூட்டல் 0.59. பென்சில்வேனியாவில் 23.33 இலிருந்து 21.17. மாற்றம் கழித்தல் 2.16. முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஏறத்தாழ 2.75. கூலி உயர்ந்த இடத்தில் வேலை குறையவில்லை என்பது அவர்கள் முடிவு.

இந்த விடையில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். நியூ ஜெர்சி ஏறியது 0.59 மட்டும். மீதி முழுவதும் பென்சில்வேனியா இறங்கியதால் வந்தது. கூலி உயராமல் இருந்திருந்தால் நியூ ஜெர்சியும் அதே அளவு இறங்கியிருக்கும் என்று நம்பினால்தான் 2.75 நிற்கும். இந்த நம்பிக்கைக்குத்தான் இணைப்போக்கு அனுமானம் என்று பெயர். முன்பு ஒன்று, பின்பு ஒன்று என்று இரண்டே அளவீடுகள் இருந்தால் அதைச் சோதிக்கவே வழியில்லை. பின்னாளில் எழுந்த நீண்ட விவாதம் பெரும்பாலும் வேலைவாய்ப்பு எண்கள் சரியாக அளக்கப்பட்டனவா என்பதைப் பற்றியது. உங்கள் மாணவர்களுக்கு இந்தக் கணக்கைக் கற்பிக்கும்போது நான்கு எண்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். 2.75 ஐ மட்டும் எழுதினால் அது எதன்மேல் நிற்கிறது என்பது தெரியாமல் போகும்.

கே: நூறு நாள் வேலைத் திட்டம் மூன்று கட்டமாக வந்தது. மாவட்ட விளைவு, ஆண்டு விளைவு, ‘திட்டம் வந்துவிட்டது’ என்ற டம்மி மூன்றையும் போட்டு விவசாயக் கூலியின் மேல் ரிக்ரஷன் (மாறிகளுக்கு இடையேயான உறவை அளக்கும் கணக்கு) ஓட்டினேன். குணகம் எதிர்மறையாக வருகிறது. களத்தில் கேட்பதற்கு இது நேர்மாறாக இருக்கிறதே? கூலியை விலைவாசிக் குறியீட்டால் வகுக்கவும் வேண்டுமா? (ஆய்வு மாணவி, மதுரை)

ப: உங்கள் சந்தேகம் நியாயமானது. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்கள், 2007-08 நிதியாண்டில் மேலும் 130, 2008 ஏப்ரல் 1 முதல் மீதியிருந்த ஊரக மாவட்டங்கள் என்று திட்டம் பரவியது. நீங்கள் ஓட்டிய இருவழி (மாவட்டம், ஆண்டு) நிலைத்த விளைவு ரிக்ரஷன் உள்ளுக்குள் பல ஜோடி ஒப்பீடுகளைச் செய்து, அவற்றின் எடையிட்ட சராசரியைத் தருகிறது. முதல் கட்டத்தை இன்னும் திட்டம் வராத மூன்றாம் கட்டத்தோடு ஒப்பிடுவது நல்ல ஜோடி. ஆனால் 2008 இல் திட்டம் வந்த மூன்றாம் கட்டத்தை, 2006 முதலே திட்டம் நடக்கும் முதல் கட்டத்தோடு ஒப்பிடும் ஜோடியும் அதில் இருக்கிறது. அங்கே முதல் கட்டம் கட்டுப்பாட்டுக் குழு (திட்டம் இல்லாத ஒப்பீட்டுக் குழு) வேடம் போடுகிறது.

புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். முதல் கட்ட மாவட்டங்களில் திட்டத்தால் கூடிய கூலி 2007 இல் 3 ரூபாய், வேலை பரவிய பின் 2008 இல் 6 ரூபாய். மூன்றாம் கட்டத்தில் 2008 இல் 2 ரூபாய். எல்லா இடத்திலும் விளைவு நேர்மறை. ஆனால் அந்தத் தவறான ஜோடி தருவது, மூன்றாம் கட்டத்தில் கூடிய 2 இலிருந்து முதல் கட்டத்தில் 2007 க்கும் 2008 க்கும் இடையே கூடிய 3 ஐக் கழித்தால் வரும் கழித்தல் 1. விளைவு காலப்போக்கில் வளரும் எந்தத் திட்டத்துக்கும் இது நடக்கலாம். குட்மன்-பேக்கன் 2021 இல் வெளியிட்ட பிரித்தறியும் முறையைப் பயன்படுத்தினால், உங்கள் குணகத்தில் எந்த ஜோடிக்கு எவ்வளவு எடை என்று பட்டியலாகவே கிடைக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

மாற்று வழி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனியாக விளைவைக் கணக்கிட்டுப் பிறகு சேர்ப்பது. கேலவே, சான்டன்னா இருவரின் முறை இதைத்தான் செய்கிறது. ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளிலும் ஆர் நிரல் மொழியிலும் ஆயத்த நிரல்கள் உண்டு. அதில் கட்டுப்பாட்டுக் குழு யார் என்று கேட்கும் இடத்தில் ‘இன்னும் வராதவை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ஒருபோதும் வராதவை’ என்பதைத் தேர்ந்தெடுக்க முடியாது, ஏனென்றால் 2008 ஏப்ரலுக்குப் பிறகு அப்படி ஓர் ஊரக மாவட்டமே இல்லை. ஆகவே 2009-10 தேசிய மாதிரி ஆய்வுச் சுற்றை வைத்து, மாவட்ட ஒப்பீட்டில் மட்டும் திட்டத்தின் விளைவைச் சொல்ல இயலாது. எந்த மென்பொருளும் இந்த இடைவெளியை நிரப்பாது. விளைவு எல்லா இடத்திலும் ஒரே அளவு என்று நீங்கள் அனுமானித்தால்தான் எண் வரும். அந்த அனுமானம்தான் உங்களை முதலில் சிக்கலில் மாட்டியது.

தரவைக் கையாளும்போது கவனிக்க வேண்டியவை சில. தேசிய மாதிரி ஆய்வின் 61ஆம் சுற்று 2004 ஜூலை முதல் 2005 ஜூன் வரை. அது முன்காலம். 64ஆம் சுற்று 2007 ஜூலை முதல் 2008 ஜூன் வரை. இதன் கடைசிக் காலாண்டான ஏப்ரல்–ஜூன் 2008 இல் மூன்றாம் கட்டத்துக்கும் திட்டம் வந்துவிட்டது. அதைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது 61ஆம் சுற்றிலும் அதே ஏப்ரல்–ஜூன் காலாண்டைக் கழற்ற வேண்டும். இல்லையேல் அறுவடைக் காலக் கூலியை வறட்சிக் காலக் கூலியோடு ஒப்பிட்டுவிடுவீர்கள். இதில் ஓர் இழப்பும் உண்டு. நூறு நாள் வேலை அதிகம் நடந்ததே விவசாய வேலை குறைந்த அந்த மாதங்களில்தான். ஜனவரி–மார்ச் காலாண்டைத் தனியாகவும் மதிப்பிட்டுக் காட்டினால் அந்த இழப்பின் ஒரு பகுதி ஈடாகும். திட்டத்தேதியை ஆண்டாகப் பதியாமல் மாதமாகப் பதியுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல், முதல் கட்ட மாவட்டங்கள் குலுக்கல் போட்டு எடுக்கப்பட்டவை அல்ல. பின்தங்கிய நிலையைப் பார்த்துத்தான் முன்னுரிமை தரப்பட்டது. அதற்கு அடிப்படையாக இருந்த திட்டக் குழுவின் 2003 தரவரிசையில் விவசாயக் கூலி, விவசாயத் தொழிலாளி ஒருவருக்கான உற்பத்தி, பட்டியல் சாதி பழங்குடி மக்களின் பங்கு ஆகியவை இருந்தன. கூலி குறைவாக இருந்ததே தேர்வுக்கு ஒரு காரணம் என்றால், அந்த மாவட்டங்களின் கூலி பிற மாவட்டங்களின் அதே வேகத்தில்தான் போயிருக்கும் என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. 55ஆம் சுற்றையும் (1999-2000) 61ஆம் சுற்றையும் மட்டும் வைத்து, திட்டமே இல்லாத அந்தக் காலத்தில் போலிக் கணக்கு ஒன்று போடுங்கள். பூஜ்யத்துக்கு அருகே வந்தால் நல்லது. ஆனால் ‘புள்ளியியல்படி முக்கியமில்லை’ என்ற ஒரு வரியோடு கடந்து போகாதீர்கள். திட்டப் பிழை (standard error, மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு; வேலைத் திட்டத்தின் பிழை அல்ல) பெரிதாக இருந்தால் பெரிய வேறுபாடும் முக்கியமில்லை என்றே வரும். நம்பக எல்லைகளை, அதாவது உண்மை அளவு இருக்கக்கூடிய வீச்சை, கொடுங்கள். போலிக் கணக்கில் வந்த அளவு போக்கு வேறுபாடு திட்டக் காலத்திலும் தொடர்ந்திருந்தால் உங்கள் முடிவு நிற்குமா என்று கணக்கிட்டுக் காட்டுங்கள். 2001 அளவிலான மாவட்டப் பண்புகளைக் காலத்தோடு பெருக்கிச் சேர்ப்பதும் உதவும். திட்டம் தொடங்கிய பிறகு அளந்த பண்புகளைச் சேர்க்காதீர்கள். அவற்றையே திட்டம் மாற்றியிருக்கலாம்.

விலைவாசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். கூலியை மடக்கையாக எடுத்து, மாநிலம்–காலம் விளைவையும் சேர்த்திருந்தால், மாநில விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டால் வகுத்தாலும் வகுக்காவிட்டாலும் அதே குணகம்தான் வரும். இல்லையென்றால் வகுத்தே ஆக வேண்டும்.

கே: தமிழ்நாட்டை மட்டும் எடுத்தால் போதாதா? திட்டப் பிழையை எந்த அளவில் கொத்தாக்குவது? (திட்ட மதிப்பீட்டு அலுவலர், சென்னை)

ப: திட்டம் எந்த அளவில் வழங்கப்பட்டதோ அந்த அளவில் கொத்தாக்க வேண்டும், அதாவது ஒரு கொத்துக்குள் பிழைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம் என்று கொண்டு கணக்கிட வேண்டும். இங்கே மாவட்டம். ஒரு லட்சம் தொழிலாளர்களின் கூலி உங்களிடம் இருந்தாலும் திட்டம் சம்பந்தப்பட்ட தகவல் மாவட்ட எண்ணிக்கை அளவுதான். கூலி ஆண்டுக்கு ஆண்டு ஒட்டியே நகரும். இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை பெர்ட்ராண்ட், டுஃப்லோ, முல்லைநாதன் மூவரும் 2004 இல் காட்டினார்கள். அமெரிக்க மாநிலங்களுக்கு நடக்காத சட்டங்களைக் கற்பனையாக ஒதுக்கி ஓட்டியபோது, 5 சதவீதத்தில் வர வேண்டிய பொய்யான ‘முக்கிய விளைவு’ 45 சதவீதம் வரை வந்தது.

தமிழ்நாட்டில் முதல் கட்டத்தில் வந்தவை கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய 6. இரண்டாம் கட்டத்தில் கரூர், தஞ்சாவூர், திருநெல்வேலி, திருவாரூர். ஆறே மாவட்டங்கள் திட்டம் பெற்ற நிலையில் வழக்கமான கொத்துத் திட்டப் பிழை உண்மையைவிட மிகச் சிறியதாக வரும். பிழைகளின் குறியைக் குலுக்கித் திரும்பத் திரும்ப மதிப்பிடும் வைல்ட் பூட்ஸ்ட்ராப் முறையும், திட்டம் பெற்ற கொத்துகள் இவ்வளவு குறைவாக இருக்கையில் தடுமாறும். இடமாற்றச் சோதனை போடுங்கள். 6 முதல் கட்ட மாவட்டங்கள், 20 கட்டுப்பாட்டு மாவட்டங்கள் என்றால் 26 இலிருந்து 6 ஐத் தேர்ந்தெடுக்க 2,30,230 வழிகள். அவற்றில் சில ஆயிரத்தைக் குலுக்கி எடுத்து ஒவ்வொன்றிலும் மதிப்பீட்டைத் திரும்ப ஓட்டி, உண்மையான மதிப்பீடு அந்த வரிசையில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தேர்வு பின்தங்கிய நிலையைப் பார்த்து நடந்தது என்ற குறை இதிலும் தீராது. அதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள். என் கருத்தைக் கேட்டால், முக்கிய மதிப்பீட்டை நாடு முழுவதற்கும் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டைத் துணை அட்டவணையாகத் தருவதே நல்லது.

கே: மாவட்டங்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. பேனலை எப்படிக் காப்பாற்றுவது? (ஆய்வு உதவியாளர், கோயம்புத்தூர்)

ப: ரிக்ரஷனைவிட இந்த வேலைக்குத்தான் அதிக நாள் ஆகும், ஆகட்டும். இங்கே செய்யும் பிழையை எந்த நவீன முறையும் பின்னால் திருத்தாது.

ஓர் அடிப்படை ஆண்டைத் தேர்ந்தெடுத்து, பின்னால் பிறந்த மாவட்டங்களைத் தாய் மாவட்டத்தோடு திரும்பச் சேர்க்க வேண்டும். தருமபுரியிலிருந்து 2004 இல் பிரிந்த கிருஷ்ணகிரியை அதனோடு சேர்ப்பது எளிது. தென்காசியைத் திருநெல்வேலியோடும், செங்கல்பட்டைக் காஞ்சிபுரத்தோடும், கள்ளக்குறிச்சியை விழுப்புரத்தோடும், ராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் வேலூரோடும், மயிலாடுதுறையை நாகப்பட்டினத்தோடும் சேர்ப்பதும் அப்படியே. அரியலூர்தான் பலரையும் ஏமாற்றும். பெரம்பலூரிலிருந்து பிரிந்து, திரும்பச் சேர்ந்து, 2007 இல் மறுபடி பிரிந்தது. 2001 கணக்கெடுப்பில் தனி மாவட்டம், 2004-05 இல் இல்லை. எல்லா ஆண்டுக்கும் பெரம்பலூர்–அரியலூர் ஒரே அலகு என்று வைத்துவிடுங்கள். 2009 இல் வந்த திருப்பூர் கோயம்புத்தூர், ஈரோடு இரண்டிலிருந்தும் பகுதிகளை எடுத்துக்கொண்டது. எனவே மூன்றும் சேர்ந்து ஓர் அலகு. தெலங்கானா 2016 இல் 10 மாவட்டங்களிலிருந்து 31 ஆனபோது புதிய எல்லைகள் பழைய எல்லைகளைக் குறுக்காக வெட்டின. அங்கே மண்டல் (மாவட்டத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பிரிவு) அளவுக்கு இறங்கித்தான் கட்ட வேண்டும்.

சேர்க்கும்போது விகிதங்களைச் சராசரி எடுக்காதீர்கள். ஒரு மாவட்டத்தில் 8 லட்சம் தொழிலாளர்கள், கூலி 300 ரூபாய். இன்னொன்றில் 2 லட்சம் பேர், 400 ரூபாய். நேர் சராசரி 350. சரியான விடை 320. முதலில் எண்ணிக்கைகளைக் கூட்டி, பிறகு விகிதம் காணுங்கள். மாவட்டக் குறியீட்டு எண்ணை நம்பி இரண்டு கோப்புகளை இணைக்கவும் கூடாது. ஆய்வுச் சுற்றின் எண்ணும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்ணும் வேறு வேறு. பெயரால் இணைத்து, இணையாதவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். இணைத்த பின் ஒவ்வோர் அலகின் மக்கள்தொகையையும் ஆண்டுவாரியாக வரைந்து பாருங்கள். திடீரென்று பாதியாகக் குறைந்தால் ஒரு பிரிவினையைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

கே: நிலைத்த விளைவா, தற்செயல் விளைவா? ஹவுஸ்மன் சோதனை எதிர்மறை எண் தருகிறது. (பொருளியல் மாணவர், யாழ்ப்பாணம்)

ப: தற்செயல் விளைவு என்பது மாவட்டத்தின் மாறாத தன்மைகளுக்கும் மற்ற மாறிகளுக்கும் தொடர்பில்லை என்று கொள்ளும் முறை. இரண்டில் எது பொருந்தும் என்று பார்ப்பது ஹவுஸ்மன் சோதனை. கொத்தான பிழைகள் இருக்கும்போது அந்தச் சோதனையின் பழைய வடிவம் செல்லாது. எதிர்மறை எண் அதற்கு அடையாளம். அதை விடுங்கள். காலத்தோடு மாறும் ஒவ்வொரு மாறியின் அலகுச் சராசரியையும் தற்செயல் விளைவு ரிக்ரஷனில் கூடுதல் மாறிகளாகச் சேர்த்து, கொத்துத் திட்டப் பிழையோடு அவை எல்லாம் சேர்ந்து பூஜ்யமா என்று சோதியுங்கள். முண்ட்லக் 1978 இல் சொன்ன வழி இது. பூஜ்யம் இல்லையென்றால் நிலைத்த விளைவு.

கே: போன ஆண்டுக் கூலி இந்த ஆண்டுக் கூலியைத் தீர்மானிக்கிறது. அதை வலப்பக்கம் சேர்க்கலாமா? (முனைவர் பட்ட ஆய்வாளர், புதுச்சேரி)

ப: நிலைத்த விளைவோடு சேர்த்தால் சாய்வு (bias, மதிப்பீடு ஒரே பக்கமாகத் தவறுவது) வரும். மாவட்டச் சராசரியைக் கழிக்கும்போது அந்தச் சராசரிக்குள் எல்லா ஆண்டின் அதிர்ச்சியும் இருப்பதால், போன ஆண்டுக் கூலிக்கும் பிழைக்கும் தொடர்பு ஏற்பட்டுவிடுகிறது. நிக்கல் 1981 இல் இதன் அளவைக் கணக்கிட்டார். உண்மைக் குணகம் 0.5, காலம் 10 என்றால் சாய்வு சுமார் கழித்தல் 0.17, அதாவது 0.33 என்று காண்பீர்கள். காலம் 30 என்றால் கழித்தல் 0.05. மாவட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் இது குறையாது, காலம் நீண்டால்தான் குறையும்.

அரெல்லானோ–பாண்ட் முறை பழைய கூலிகளைக் கருவி மாறிகளாக்கி (போன ஆண்டுக் கூலியோடு தொடர்புள்ள, ஆனால் பிழையோடு தொடர்பில்லாத மாறிகள்) இதைத் தீர்க்கிறது. ஆனால் அது மாவட்டங்கள் ஏராளம், ஆண்டுகள் குறைவு என்ற நிலைக்கானது. 10 ஆண்டுகளுக்கு, கூலிக்கு மட்டுமே 36 கருவிகள் உருவாகும். உங்களிடம் 30 மாவட்டங்கள் என்றால் கருவிகள் மாவட்டங்களைத் தாண்டிவிட்டன. அப்போது, கருவிகள் செல்லுமா என்று பார்க்கும் ஹேன்சன் சோதனையின் பி மதிப்பு 1.000 என்று வரும். பலர் அதைக் கண்டு மகிழ்கிறார்கள். சோதனை செயலிழந்துவிட்டது என்பதே அதன் பொருள். பின்னடைவுகளை (கருவிக்காக எத்தனை ஆண்டு பின்னால் போகிறீர்கள் என்பதை) இரண்டு மூன்றுக்குள் கட்டுப்படுத்துங்கள், கருவிகளைச் சுருக்கும் வாய்ப்பைப் பயன்படுத்துங்கள், எத்தனை கருவிகள் என்று அட்டவணையின் கீழேயே எழுதுங்கள். இரண்டாம் வரிசைத் தன்னொட்டுறவுச் சோதனையும் (பிழைகள் இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது) அங்கே இருக்கட்டும்.

கே: பல குடும்பங்களுக்கு வேலை நாட்கள் பூஜ்யம். 1 ஐக் கூட்டி மடக்கை எடுக்கிறேன். சரியா? (தொண்டு நிறுவன ஆய்வாளர், திருச்சி)

ப: வேண்டாம். அதே தரவை நாளுக்குப் பதில் மணிக்கணக்கில் எழுதி ஓட்டிப் பாருங்கள், குணகமே மாறும். அலகைப் பொறுத்து மாறும் எண்ணைச் சதவீதம் என்று வாசிக்க முடியாது. பூஜ்யத்தையும் ஏற்கும் பாய்சான் ரிக்ரஷனை நிலைத்த விளைவு சேர்த்து, கொத்துத் திட்டப் பிழையோடு போடுங்கள். தரவு பாய்சான் பரவலாக இருக்கத் தேவையில்லை. வேலை கிடைத்ததா இல்லையா என்பதைத் தனி ரிக்ரஷனாகவும் கொடுங்கள். எல்லாச் சுற்றிலும் பூஜ்யமாக இருக்கும் குடும்பங்களைப் பாய்சான் தானாக விட்டுவிடும், அந்த எண்ணிக்கையைக் குறிப்பிடுங்கள்.

கே: மாவட்டச் சராசரி வேண்டாம், தனிமனிதரையே பின்தொடர வேண்டும். எந்தத் தரவு? (ஆய்வு மாணவர், பெங்களூரு)

ப: இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு (IHDS) 2004-05 இல் 41,554 குடும்பங்களைச் சந்தித்தது. 2011-12 இல் அவற்றில் சுமார் 83 சதவீதத்தை மறுபடி கண்டது. காலவாரித் தொழிலாளர் ஆய்வில் 2024 வரை நகர்ப்புறக் குடும்பங்களுக்கு மட்டும் நான்கு காலாண்டுச் சந்திப்புகள் இருந்தன. ஊரகத்தில் மறுசந்திப்பு கிடையாது. 2025 ஜனவரி முதல் இரண்டு பக்கமும் மாதாந்தர மறுசந்திப்பு வந்திருக்கிறது.

குடும்ப அடையாள எண்ணோடு உறுப்பினர் வரிசை எண்ணைச் சேர்த்து இணைத்தபின் பால், வயது இரண்டையும் சரிபாருங்கள். பால் மாறியிருந்தால், அல்லது மூன்று மாதத்தில் வயது இரண்டுக்கு மேல் நகர்ந்திருந்தால், அது வேறு ஆள். அவரை விட்டுவிடுங்கள். இல்லையேல் ஒருவர் வேலை இழந்ததாகவும் மற்றவர் பெற்றதாகவும் பொய்யான மாற்றங்கள் நுழையும், நிலைத்த விளைவு அந்த மாற்றங்களைத்தான் பொறுக்கி எடுக்கும். பிறகு, காணாமல் போனவர்கள் யார் என்று பாருங்கள். இரண்டாம் சுற்றில் கிடைத்தாரா என்பதை 0, 1 ஆக எடுத்து முதல் சுற்றுப் பண்புகளின் மேல் ஓட்டுங்கள். வாடகை வீடு, இளம் வயது, தனியாள் குடும்பம் ஆகியவை முன்னுக்கு வந்தால், இடம்பெயர்வோரை இழந்திருக்கிறீர்கள். கிடைக்கும் நிகழ்தகவின் தலைகீழை எடையாக வைத்து ஒருமுறை ஓட்டி, எடையில்லாத முடிவுக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள். திட்டம் பெற்ற பகுதியிலும் பெறாத பகுதியிலும் இழப்பு விகிதம் வேறாக இருந்தால் அதை முதல் அட்டவணையிலேயே காட்ட வேண்டும்.